ஆடுற கல்லும் 13 மார்க்கும்

நம்ம ஒர்க்‌ஷாப்பில் கார்பென்ட்ரி செக்‌ஷன் மூலையில் நிற்கிற பெஞ்ச் கிரைண்டருக்கு ஜூனியர்கள் வைத்திருக்கும் பெயர் 'சாமியாடி'. சுவிட்சைப் போட்டதும் மெல்ல ஆரம்பிக்கும். அப்புறம் மேசை, மேசை மேல் இருக்கிற தண்ணி டப்பா, பக்கத்து அலமாரிக் கதவு என்று எல்லாத்துக்கும் அருள் வந்துடும். பெயர் பொருத்தமான பெயர்தான். அதைச் சொல்லிச் சிரிச்சுட்டு அப்படியே நகர்ந்து போயிடறோமே, அங்கேதான் எனக்குக் கோபம்.

ஏன்னா, அதே கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்து 'வெவ்வேறு தளங்களில் சுழலும் நிறைகளைச் சமன் செய்க' என்ற 13 மார்க் கேள்விக்கு நாம விசைப் பலகோணம் வரைகிறோம். பென்சில் சீவி, ஸ்கேல் பிடிச்சு, பலகோணம் மூடலைன்னா ரப்பரால் அழிச்சு எப்படியாவது மூட வைக்கிறோம். கீழே ஒரு பலகோணம் மூடாமலேயே நிமிஷத்துக்கு 2850 தடவை சுத்திக்கிட்டு இருக்கு. அதை யாரும் கண்டுக்கிறதில்லை.

(மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு: இது மாவு ஆட்டுற கிரைண்டர் இல்லை. நடுவில் மோட்டார், அதன் ஷாஃப்ட் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டு முனையிலும் ஆளுக்கொரு கல். சாணை பிடிக்கிற மெஷின்.)

இப்போ இது ஏன் அவசரமாச்சுன்னா, மரக் கடைசல் லேத்தில் நம்ம பசங்களும் பொண்ணுங்களும் சாயங்காலத்தில் வேலை பழக ஆரம்பிச்சிருக்காங்க. கிண்ணம், பம்பரம், உளிக்கான கைப்பிடி என்று ஏதேதோ கடைகிறார்கள். உளி அடிக்கடி மரத்தில் மாட்டி இழுக்குது, பயமா இருக்குன்னு பாதிப் பேர் விலகப் பார்க்கிறார்கள். கேட்டால் 'கை பழகணும்' என்கிறார்கள் பெரியவர்கள். கிளப்பில் வேறு ஒரு யோசனை ஓடுது: காசு சேர்த்து மெதுவா ஓடுகிற புது கிரைண்டர் ஒன்று வாங்கிடலாம். இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. இருக்கிற மெஷினை ஆடாமல் ஓட வைக்க முடியும். அதை நாமே செய்யலாம், செய்ய நம்மை விடணும்.

கிரைண்டர் ஆடினால் தச்சு வேலைக்காரருக்கு அவ்வளவு நஷ்டம் இல்லை. இழைப்புளித் தகட்டையோ உளியையோ எப்போதாவது ஒரு தடவை கிரைண்டரில் காட்டுவார். அப்புறம் எண்ணெய்க் கல்லில் தேய்த்து விளிம்பை உண்டாக்கிக்கொள்வார். கடைசல்காரருக்கு அந்த வசதி கிடையாது. 100 மி.மீ. விட்டமுள்ள கட்டை 1000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் நிமிஷத்துக்கு 300 மீட்டருக்கு மேல் மரம் உளி வாயைத் தாண்டிப் போகுது. எந்த இரும்பும் மழுங்கத்தான் செய்யும். அதனால் ஒரு மணி நேரத்தில் பல தடவை சாணைக்கும் லேத்துக்கும் நடக்கணும். பெரும்பாலும் கல்லில் இருந்து எடுத்த உளி நேராக மரத்துக்குத்தான் போகும். கல் எப்படியோ அப்படித்தான் வெட்டும் இருக்கும்.

அதோட, கடைசலில் உளியைப் பிடித்து நிறுத்துவது கை மட்டும் இல்லை. பெவல் என்கிற அந்தச் சரிந்த முகம் முதலில் மரத்தின் மேல் சாய்ந்து உட்காரணும். அதற்கப்புறம் கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தினால் விளிம்பு வெட்ட ஆரம்பிக்கும். அந்த முகம் ஒரே சீரான குழிவா இருந்தால் உளி தேங்காய் நார் மாதிரி நீளமா சீவிக்கிட்டே போகும். ஆடுற கல்லில் தீட்டினால் ஒரு முகத்துக்குப் பதில் நாலஞ்சு குட்டி முகங்கள் வருது. எதன் மேல் உட்காருவதுன்னு உளிக்கே தெரியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது விளிம்பு மரத்தில் குத்திக்கும். முதல் வருஷப் பையன் பயந்து கையை எடுப்பது இந்த இடத்தில்தான். அவன் கை பழகாதது ஒரு காரணமா இருக்கலாம், ஆனால் அவன் கையில் கொடுத்த உளியையும் கொஞ்சம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கணும் இல்லையா?

சூடும் உண்டு. வட்டம் பிசகிய கல், ஒரு சுற்றில் மேடான இடத்தில் மட்டும்தான் உளியைத் தொடும். தொட மாட்டேங்குதேன்னு நாம அழுத்துவோம். அழுத்தினால் நீலம் பாயும். கொல்லுப் பட்டறையில் அடித்த கார்பன் ஸ்டீல் உளியில் நீலம் ஏறினால் அந்த இடத்தில் பதம் போச்சுன்னு அர்த்தம், அதைத் தீட்டி ஒழிக்கிற வரைக்கும் விளிம்பு நிக்காது. எச்.எஸ்.எஸ். உளி 500 டிகிரி தாண்டியும் கடினத்தை விடாது என்பதால் அதில் லேசா நீலம் வந்தால் பதற வேண்டாம். பதறி தண்ணியில் முக்கவும் வேண்டாம், திடீர்க் குளிர்ச்சியில் நுண் விரிசல் விழும்.

சரி, ஆட்டம் எங்கிருந்து வருது? எல்லோரும் மோட்டாரைத்தான் திட்டுறாங்க. அதைச் சோதிக்க ஆகும் செலவு பூஜ்யம். பிளக்கைப் பிடுங்கிட்டு, இரண்டு கல்லையும் கழற்றிட்டு, வெறும் ஷாஃப்ட்டை ஓட விடணும். (இடப்பக்க நட் இடதுமரை, வழக்கமான திசைக்கு எதிர்த் திசையில் கழலும். இது தெரியாமல் பலம் காட்டினால் மரை போகும்.) லேப் அண்ணா பக்கத்தில் நிற்க, நம்ம சாமியாடியை அப்படி ஓட்டிப் பார்த்தோம். மோட்டார் உடம்பின் மேல் 10 ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினோம். நின்றது. ஒரு கல்லை மாட்டினோம், நாணயம் விழுந்தது. இன்னொரு கல்லையும் மாட்டினதும் நாணயத்தை மேசைக்கு அடியில் தேட வேண்டியதாச்சு. மோட்டாரும் பேரிங்கும் நிரபராதிகள். வெறும் ஷாஃப்ட்டே ஆடியிருந்தால் கதை வேறு: மெட்ராலஜி லேபிலிருந்து டயல் கேஜைக் கொண்டுவந்து, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, வளைவா பேரிங்கான்னு பார்க்க வேண்டியிருக்கும்.

குற்றவாளி கல்லின் ஓட்டையில் இருந்தது. கல்லின் துளை 31.75 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குலம். ஷாஃப்ட் 12.7 மி.மீ. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப ஒன்றுக்குள் ஒன்றா பிளாஸ்டிக் வளையங்கள் தருவார்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் கொஞ்சம் லூஸ் இருக்கும், எல்லா லூஸும் ஒரே பக்கம் சேர்ந்தால் கல் மையத்தில் இருக்காது. நம்மகிட்ட ஒரு வளையம் காணாமல் போய், அதற்குப் பதிலா யாரோ புண்ணியவான் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்.

இதன் விலை என்னன்னு கணக்குப் போடலாம், நமக்குத்தான் ஃபார்முலா மனப்பாடமாச்சே. 150 மி.மீ. விட்டம், 20 மி.மீ. அகலமுள்ள கல் ஏறக்குறைய முக்கால் கிலோ. அது மையத்தை விட்டு அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்குன்னு வைங்க. 2850 ஆர்.பி.எம். என்பது விநாடிக்கு 298 ரேடியன். நிறை, விலகல், கோண வேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கினால் 33 நியூட்டன். மூணே கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றைக் கட்டி, விநாடிக்கு 47 தடவை திசை மாற்றி மாற்றி இழுக்கிற மாதிரி. அரை மில்லிமீட்டருக்கு இவ்வளவு. மேசை ஆடாமல் என்ன செய்யும்?

இதற்கான மருந்து, கிரைண்டரிலிருந்து இருபது அடி தள்ளி நிற்கிற நம்ம லேத் மெஷினில் இருக்கு. ஒரு அலுமினியம் ராடு, அதில் ஒரு புஷ். உள்துளையை ஷாஃப்ட்டுக்குச் சரியா போர் செய்து, வெளி விட்டத்தை அதே பிடிப்பில், ஜாப்பைச் சக்கிலிருந்து கழற்றாமலேயே டர்னிங் செய்யணும். கழற்றித் திருப்பி மாட்டினால் இரண்டு வட்டத்துக்கும் மையம் வேறாகி, பிளாஸ்டிக் வளையத்தின் வேலையை அலுமினியத்தில் செய்த மாதிரி ஆயிடும். கல் அந்த புஷ்ஷில் கையால் தள்ளினாலே ஏறணும், தட்டி ஏற்றுகிற டைட் கூடவே கூடாது, கல் பிளக்கும். புஷ்ஷின் நீளம் கல்லின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவா இருக்கணும், இல்லைன்னா நட்டை முடுக்கும்போது ஃப்ளாஞ்ச் கல்லைப் பிடிக்காமல் புஷ்ஷைப் பிடிச்சுக்கும். முதல் வருஷத்தில் காரணமே தெரியாமல் ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங்னு ராடு ராடாகக் கடைந்து ஸ்க்ராப்பில் போடுகிறோம். அதில் ஒரு பயிற்சி இந்த புஷ்ஷா இருந்தால் எந்த சிலபஸ் குடி முழுகிடும்?

புஷ் போட்டதும் மேலும் கீழுமான ஆட்டம் பெரும்பாலும் அடங்கும். பக்கவாட்டு ஆட்டம் தனிக் கதை, அதற்குக் காரணம் ஃப்ளாஞ்ச். மலிவான மெஷின்களில் தகட்டை அழுத்தி எடுத்த ஃப்ளாஞ்ச் வரும். பார்க்க வாசர் மாதிரி இருக்கும், கண்ணாடி மேல் வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிற்கும். நட்டை அளவுக்கு மேல் முடுக்கினால் இன்னும் நெளியும். இதையும் மைல்டு ஸ்டீலில் கடைந்துக்கலாம். விட்டம் கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, இரண்டு ஃப்ளாஞ்சும் ஒரே அளவு, நடுப்பகுதியைக் கொஞ்சம் பள்ளமாக்கி வெளி வளையம் மட்டும் கல்லைத் தொடுகிற மாதிரி. கல்லோடு ஒட்டி வருகிற காகித வட்டத்தைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, அது லேபிள் மட்டும் இல்லை, அழுத்தத்தைச் சமமாப் பரப்புகிற மெத்தை.

அப்புறம்தான் டிரஸ்ஸிங். நம்ம வழக்கம் தலைகீழ்: கல் ஆடினால் உடனே நட்சத்திர டிரஸ்ஸரைக் கையில் பிடிச்சு அழுத்துவது. கையில் பிடித்த டிரஸ்ஸர் கல்லின் மேடு பள்ளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். கல் பளிச்சுன்னு சுத்தமாகும், வட்டமாகாது. ஒரு முனை வைரம் வைத்த டிரஸ்ஸரை, அசையாத ரெஸ்ட்டில் நேர்கோட்டில் நகருகிற மாதிரி ஒரு கட்டையில் பொருத்தி, மயிரிழை மயிரிழையா எடுத்தால் மேட்டை மட்டும் சீவும். புஷ்ஷும் ஃப்ளாஞ்சும் மாற்றின பிறகு செய்தால்தான் இதற்கு அர்த்தம், லூஸான கல்லை ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் அதன் வட்டம் இடம் மாறிடும். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு செய்யுங்க, அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. இரண்டு கல்லும் வட்டமாகி, இன்னமும் கொஞ்சம் அதிர்வு மிச்சம் இருந்தால், 'ஒரு கல்லை மட்டும் தளர்த்தி 90 டிகிரி திருப்பி மாட்டு, ஆட்டம் குறைகிற நிலையைக் கண்டுபிடி' என்று ஒரு பழைய வைத்தியம் சொல்வார்கள். வேலை செய்யும். இடக் கல்லின் கனமான பக்கம் மேலேயும், வலக் கல்லின் கனமான பக்கம் கீழேயும் வந்தால் விசைகள் ஒன்றையொன்று கழிச்சுக்கும். ஆனால் இரண்டு கல்லும் ஒரே தளத்தில் இல்லையே! நடுவில் ஒரு மோட்டார் நீளம் இருக்கு. விசை கழிஞ்சாலும் இரட்டை மிச்சம். மெஷின் குதிப்பதை நிறுத்திட்டு தலையை இடமும் வலமுமா ஆட்ட ஆரம்பிக்கும். நிலைச் சமனுக்கும் இயக்கச் சமனுக்கும் வித்தியாசம் என்னன்னு வைவாவில் கேட்டால் நாலு வரி ஒப்பிக்கிற நாம, அந்த மெஷின் பக்கத்தில் நின்னு கையை வைச்சுப் பார்த்தால் உள்ளங்கையிலேயே அது தெரியும். முறையான வழி, ஒவ்வொரு கல்லையும் தனித்தனியா சமன் செய்வது. சர்ஃபேஸ் கிரைண்டர் கல்லுக்கு இதைத்தான் செய்கிறார்கள்: ஃப்ளாஞ்சில் ஒரு பள்ளம், அதில் நகர்த்துகிற சின்ன எடைகள், கல்லைக் கம்பியில் கோத்து மட்டமான இரண்டு விளிம்புகள் மேல் உருள விட்டால் கனமான பக்கம் தானா கீழே வந்து நிற்கும். எடைகளை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்தணும். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கிற வரைக்கும் இதே வேலை.

எவ்வளவு குறைஞ்சதுன்னு சந்தேகமா? ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் இருக்கு. ஃபோனை மேசையில், கல்லின் சுழற்சித் தளத்தை விட்டு விலகி, டேப் போட்டு ஒட்டி அதிர்வு நிறமாலையைப் பார்க்கலாம். விநாடிக்கு 200 முறையாவது அளக்கிற ஃபோன் வேணும். 47 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிற கம்பம்தான் சமனின்மை, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அது குட்டையாகணும். 400 முறை அளக்கிற ஃபோனா இருந்தால் 100 ஹெர்ட்ஸில் இன்னொன்று தெரியும், அது மின்சாரத்தின் முனகல், அதை விட்டுடுங்க. சுவிட்சை அணைத்த பிறகு வேகம் குறையும்போது ஒரு கட்டத்தில் மட்டும் திடீர்னு பேயாட்டம் ஆடி அடங்குதுன்னா, அந்த வேகம் மேசையின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போகுதுன்னு அர்த்தம். மேசைக் காலைச் சுவரோடு இறுக்குங்க.

இப்போ புது கிரைண்டர் கட்சிக்கு வருவோம். 1440 ஆர்.பி.எம். மெஷின் வாங்கினால் அதிர்வு குறையும், மறுக்கவில்லை. விசை வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிடும். ஆனால் அதே பிளாஸ்டிக் வளையம், அதே தகட்டு ஃப்ளாஞ்ச் அதிலும் வந்தால் நோய் அப்படியே இருக்கும், சத்தம்தான் குறையும். பழகுகிறவர்களுக்கு மெதுவான வேகம் நல்லது என்பது உண்மை, உளியைத் தேவைக்கு மேல் தின்னாது. அதை ஒரு காரணமாச் சொல்லி வாங்குங்க, ஆட்டத்தைக் காரணமாச் சொல்லி வாங்காதீங்க. சி.பி.என். சக்கரம் போட்டால் எல்லாம் சரியாகிடும்னு யூடியூப் பார்த்தவர்கள் சொல்றாங்க. அதுவும் உண்மைதான். ஏன் சரியாகுது? உலோக உடம்பு, துல்லியமா கடைந்த துளை, டிரஸ்ஸிங் தேவையே இல்லாத வட்டம். பழைய மோட்டாரில் அதை மாட்டியதும் சத்தம் அடங்குதுன்னா மோட்டார் முதலிலிருந்தே நல்லாத்தான் இருந்ததுன்னு அர்த்தம். அந்தத் துல்லியத்தில் பாதியை நம்ம லேத்திலேயே எடுக்க முடியும்போது, கிளப் உண்டியலை இப்போதே உடைக்க வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல கவுஜ் இரண்டு வாங்கலாம்.

கடைசியா, 'தொடாதே' என்ற சிவப்புப் போர்டு. பாதுகாப்புக்காகத்தான் மாட்டியிருக்கிறார்கள், அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் டேப் சுற்றின கல் விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடிக்கிட்டு இருப்பது பாதுகாப்பா? யாரும் தொடாததால்தான் அந்த டேப் இத்தனை நாள் உள்ளே இருந்திருக்கு. ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் 3 மி.மீ. இடைவெளிக்கு மேல் கூடாது, மேல் தகட்டுக்கு 6 மி.மீ. நம்ம மெஷினில் ரெஸ்ட் இடைவெளியில் என் சுண்டு விரல் போகும், உளி உள்ளே சிக்கினால் கல் உடையும். கல்லை மாட்டுவதற்கு முன் விரலில் தொங்க விட்டு மரக் கைப்பிடியால் லேசா தட்டணும்: கணீர்னா கல் நல்லா இருக்கு, மொத்துன்னா விரிசல், குப்பைக்குப் போகணும். மாட்டின பிறகு பக்கவாட்டில் நின்னு ஒரு நிமிஷம் சும்மா ஓட விடணும். இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்ட பத்து மாணவர்கள், எந்தப் போர்டைவிடவும் நல்ல காவல்.

அதனால் ஹெச்.ஓ.டி. சாரிடம் கேட்கப் போவது ஒரே ஒரு சனிக்கிழமை, லேப் அண்ணாவின் மேற்பார்வையோடு. அலுமினியம் ராடு ஸ்க்ராப் பெட்டியிலேயே கிடக்கு. ஃப்ளாஞ்ச்சுக்கான மைல்டு ஸ்டீல் துண்டுக்கு ஸ்டோரில் இன்டென்ட் போடணும். வைர டிரஸ்ஸர் சர்ஃபேஸ் கிரைண்டர் டிராயரில் பூட்டி இருக்கு, சாவி வேணும். மனு எழுதியாச்சு, இதுவரைக்கும் ஏழு கையெழுத்து. திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கொடுக்கப் போறோம். கூட வர்றவங்க ஒர்க்‌ஷாப் வாசலுக்கு ஷூ போட்டு வாங்க, செருப்போட வந்தால் மனுவோடு சேர்த்து நம்மையும் வெளியே அனுப்பிடுவாங்க.